தேக்கடியில் எந்தப் படகு?

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியில் இறங்கும் பயணிக்கு முதல் குழப்பம் இதுதான்: சுற்றுலாப் படகா, மூங்கில் தெப்பமா?

தேக்கடி ஏரி இயற்கையானதல்ல. 1895இல் பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காடு இது. பட்டுப்போன மரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. கரையில் யானையோ காட்டெருமையோ தென்பட்டால் படகில் உள்ளவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

ஆபத்தும் அங்கேதான். 2009 செப்டம்பர் 30 மாலை 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததில் படகு நிலைகுலைந்ததாகச் செய்திகள் கூறின. பலர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை.

தெப்பத்தில் சிலர்தான் போகலாம். இன்ஜின் சத்தம் கிடையாது. துடுப்புப் போடுபவர்கள் காடறிந்த உள்ளூர்க்காரர்கள். பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்திலும் தெப்பம் உண்டு. கேரளக் காடுதான், ஆனால் சாலை பொள்ளாச்சி, டாப்ஸ்லிப் வழியாகவே.

குழந்தைகள், முதியவர்களோடு வருபவர்களுக்குப் படகே வசதி. காலையின் முதல் சவாரி நல்லது. சட்டையின் பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள். யானை எதிர்ப்பக்கம் தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள். படகு திரும்பி வரும்போது அந்தக் கரை உங்கள் பக்கம் இருக்கும்.