ஒஹாயோ மண்கரைகள்

நூவர்க். பெருவட்டம். விட்டம் ஏறக்குறைய 1,200 அடி. பார்த்தால் நம்மூர் ஏரிக்கரைதான். ஆனால் அகழி உட்பக்கம் ஓடுகிறது. எதிரியைத் தடுக்க நினைத்தவன் அகழியை வெளியேதானே வெட்டுவான்? கோட்டை இல்லை, கூடும் இடம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், வண்டி மாடு எதுவும் இல்லாமல், கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பியது.

அதே ஊரில் எண்கோணம், 50 ஏக்கர். எர்லம் கல்லூரிப் பேராசிரியர்கள் ஹைவ்லியும் ஹார்னும் இங்கே சூரியனைத் தேடி வந்தார்கள். அகப்பட்டது நிலா. 18.6 ஆண்டுக்கு ஒருமுறை நிலா வடகோடியில் உதிக்கும் திசையை நோக்கி இந்தக் கரைகள் அமைந்திருப்பதாக 1982இல் எழுதினார்கள்.

நூறாண்டுக்கு மேல் இது கோல்ஃப் மைதானமாக இருந்தது. வருடத்தில் நாலே நாள்தான் முழுக்கச் சுற்றிப் பார்க்க முடிந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் எல்லோருக்கும் திறந்தது. கோல்ஃப் இல்லாவிட்டால் உழுது தள்ளியிருப்பார்களாம். பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1892இலேயே உள்ளூர் மக்கள் வாக்களித்து, வரிப்பணத்தில் இதை வாங்கியிருக்கிறார்கள். நோக்கம் படைப்பயிற்சி மைதானம், சரி, இருக்கட்டும்.

சர்க்கிள்வில். 1810இல் வட்டக் கரைக்குள்ளேயே ஊர் போட்டார்கள். நடுவில் எண்கோண நீதிமன்றம். பிறகு வளைந்த தெரு பிடிக்காமல், 'சர்க்கிள்வில் சதுரமாக்கும் கம்பெனி' என்றே ஒன்றைத் தொடங்கி நேராக்கிவிட்டார்கள். இன்று பார்க்க ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

சில்லிக்கோத்தே, மவுண்ட் சிட்டி. முதல் உலகப் போரின்போது இதன்மேல் ராணுவ முகாம் கட்டினார்கள். இப்போது நிற்கும் மேடுகளில் பெரும்பாலானவை பின்னாளில் மறுபடி எழுப்பியவை. 1840களில் இந்த ஊர் டாக்டர் டேவிஸும் பத்திரிகை ஆசிரியர் ஸ்குவையரும் எடுத்த அளவைப் படம் இல்லாவிட்டால் எது எங்கே இருந்ததென்றே தெரிந்திருக்காது. ஸ்மித்சோனியன் வெளியிட்ட முதல் நூல் அவர்களுடையது, 1848. இங்கே சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சுப்பீரியர் ஏரிச் செம்பு, யெல்லோஸ்டோன் எரிமலைக் கண்ணாடி, அப்பலாச்சிய மலை அபிரகம் எல்லாம் இந்த மேடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த இருவரும் தோண்டியெடுத்த, பறவையும் விலங்குமாகச் செதுக்கிய கல் புகைக்குழாய்கள் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். டேவிஸ் விற்றுவிட்டார்.

சர்ப்ப மேடு: 1,300 அடிக்கு மேல் நீளம். கோபுரம் ஏறினால்தான் பாம்பு.

மாரியெட்டா. இங்குள்ள அருங்காட்சியகம்தான் எனக்குப் பிடித்தது. ஊரை நிறுவிய ரூஃபஸ் புட்னமின் வீட்டை அப்படியே உள்ளே வைத்து, சுற்றிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். 1788இல் வந்து இறங்கியவர்கள் மண்மேடுகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிப் பொது இடமாக ஒதுக்கினார்கள். பெரிய மேட்டைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் வந்தது, அது தப்பித்தது, புட்னமும் அங்கேதான். ஆற்றுக்கு இறங்கும் வழியின் இருபக்கக் கரைகளைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.