பனிக்காலத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

மகன், மகள் வீட்டுக்கென்று குளிர்காலத்தில் கனடா கிளம்பும் நம் வயதுக்காரர்கள் ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மறக்காமல் எடுத்து வைப்பார்கள். கால் மட்டும் யார் நினைவுக்கும் வராது. அதனால்தான் என் மனைவிக்கு பூட்ஸ் வாங்கிய கதையை எழுதுகிறேன்.

டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே கடைக்குப் போனோம். எனக்குக் குளிரைவிட, இவள் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் பெரிது. இரண்டு வருடம் முன்பு திருச்சி வீட்டுக் குளியலறையில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பலமிழந்திருக்கிறது, இன்னொரு முறை விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடையில் பெட்டிக்குப் பெட்டி 'மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருந்தது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றாள் மகள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. நடந்தால் ஒரு கணக்கு, பஸ்ஸுக்கு நின்றால் வேறு கணக்கு. வழுக்காமல் இருப்பது தனி விஷயம். அந்த ஊரில் கைட் என்றொரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஐஸ் தரையில் ஆட்களை பூட்ஸுடன் நடக்கவிட்டு, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எப்போது வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். 7 டிகிரி சரிவிலாவது வழுக்காமல் நடக்க முடிந்தால்தான் தேர்ச்சி. 2016-ல் வெளியிட்ட முடிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேறவில்லை.

அடுத்தது தண்ணீர். அங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். பனி உருகிச் சேறாக நிற்கும். அதனால் கீழ்ப்பாகம் முழுக்க ரப்பராக இருக்க வேண்டும். ஜிப் வைத்ததென்றால், ஜிப்புக்குப் பின்னால் மடிப்புத்தோல் இடைவெளி இல்லாமல் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் வழியே ஈரம் புகும். முட்டிவலிக்காரர்களுக்கு ஜிப்தான் சௌகரியம். நம் ஊர் மாதிரியே அங்கேயும் வீட்டு வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

தடித்த கம்பளிக் காலுறையோடு நுழைத்தபோது மெட்டி அழுத்தியது. ஒரு சைஸ் பெரியதில் குதிகால் ஏறி இறங்கியது. குதிகால் ஆடினால் பிடிமானம் போய்விடும். இறுக்கமாகப் போட்டாலோ ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும்.

"ஏங்க, மெட்டியைக் கழட்டிடட்டுமா?" என்றாள். கல்யாணமாகி 38 வருடத்தில் கழற்றியதில்லை.

"நீ விழாம நடந்தா எனக்கு அது போதும்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து கழற்றி, கைக்குட்டையில் முடிந்து கைப்பைக்குள் வைத்தாள். முதலில் பார்த்த ஜோடியே கச்சிதமாகப் பொருந்தியது. விலை 160 டாலர்.

"பத்தாயிரம் ரூபாய்க்கா!" என்று எழுந்துவிட்டாள்.

"இங்க ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆகும்னு நினைச்சுப் பாரும்மா" என்றாள் மகள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே இலவச மருத்துவம் கிடையாது.

தினமும் ராத்திரி உள்ளே இருக்கும் கம்பளி உறையை உருவிக் காய வைப்பாள். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அந்த பூட்ஸோடுதான் போய்வந்தாள். சிறு சிறு எட்டாக, முழுப் பாதமும் ஊன்றி நடப்பாள். நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட விழவில்லை.

போகிறவர்கள் இங்கேயே வாங்கிச் சுமக்காதீர்கள். அங்கே போய், கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், கம்பளிக் காலுறையோடு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்த்து வாங்குங்கள். மெட்டி போட்டவர்கள் ஒரு கைக்குட்டையும் எடுத்துப் போங்கள்.