எங்கிருந்து கேட்கிறாய்?

கட்டுரை ஒன்று வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு நயத்தை எடுத்துக்கொண்டு எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அப்படி எழுத வல்லவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததோ ஒரு பழைய கணினியும், அது எங்களுக்கு விடை சொல்ல மறுத்த கதையுமே. அந்தக் கதையில் என் பங்கு பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும் எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டியவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று நாலு பேர் எதிரில் பேசியதற்கு நாலு பேர் அறிய எழுதுவதுதானே முறை?

நாங்கள் ஐவர் கரமனையில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருக்கிறோம். நால்வர் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். ஐந்தாமவன் தென்காசித் தம்பி, எங்கள் எல்லோருக்கும் இளையவன். மாடிப்படிக்கு அடியில் ஓர் இருட்டு மூலை உண்டு. மற்ற வீடுகளில் அங்கே தேங்காயும் துடைப்பமும் கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினி கிடக்கிறது. அதுதான் எங்கள் டி.என்.எஸ். சர்வர்.

டி.என்.எஸ். என்பதை அறியாத நண்பர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். நாம் கணினியில் ஒரு தளத்தின் பெயரை எழுதுகிறோம். கணினிக்குப் பெயர் பயன்படாது, எண் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் வேலையைச் செய்வதே இந்தச் சர்வர். இணையத்தின் தொடக்க நாட்களில் கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழு அதைப் பராமரித்து வந்தது. பெயர்கள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பட்டியலை உலகெங்கும் பங்கிட்டு வைக்கும் இன்றைய முறையை வகுத்தார். அம்முறைக்கு 'பைண்ட்' என்னும் மென்பொருளைப் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்கு மாணவர்கள்! நம்மைப்போல் விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறிக்கொண்டே எழுதியிருப்பார்கள் என்று எண்ணி மகிழ்வது என் வழக்கம். எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஓடுவதும் அந்தப் பைண்டின் வழிவந்த பதிப்புத்தான்.

காசு கொடுத்தால் யாரோ செய்துதரும் வேலைக்கு நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஊரின் காற்று அப்படி என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை 2001-இல் தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில்தான். ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கு வந்திருந்தார். இந்த ஊரில் படித்துவிட்டுச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துப் பார்க்காமல் போனால், கடற்கரையூரில் இருந்தும் கடலைப் பாராமல் போனவன் கதையாகிவிடும்.

எங்கள் சர்வருக்கு வேலை இரண்டு. நண்பர் குழு நடத்தும் சிறு தளத்தின் பெயரை வெளியுலகில் யார் கேட்டாலும் அதற்கு எண் சொல்லவேண்டும், இது ஒன்று. வீட்டில் உள்ளவர்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும், வெளியே போய் விசாரித்து வந்து சொல்லவேண்டும், இது மற்றொன்று. முதல் வேலை ஊருக்கு, இரண்டாவது வீட்டுக்கு மட்டும். இவ்விரண்டையும் ஒரே சர்வரிடம் ஒப்படைக்கலாகாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருப்பது ஒரு கணினி, என்ன செய்வது?

தீபாவளி விடுமுறைக்கு நான் நாகர்கோவில் போயிருந்தேன். துலாவர்ஷக் காலத்தில் இங்கே மாலை வேளைகளில் இடி எப்படி இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓர் இடியில் எங்கள் ரௌட்டர் போய்விட்டது. தம்பி தொலைபேசியில் கேட்டான். "புதிதாக ஒன்று வாங்கி மாட்டு, எனக்காகக் காத்திராதே" என்றேன். அவனும் சாலைக் கடைத்தெருப் பக்கம் போய் வாங்கிவந்து மாட்டினான்.

ஞாயிறு இரவு நான் திரும்பி வந்தபோது வீடு இழவு வீடுபோல் இருந்தது. ஒருவனுக்கு மறுநாள் கருத்தரங்கு. ஒருவனுக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள். எந்தப் பெயரைக் கேட்டாலும் தளம் திறக்கவில்லை. எல்லோரும் கைப்பேசியின் தரவைக் கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய மடிக்கணினி மட்டும் நன்றாக வேலை செய்தது. அவன் என்றோ 8.8.8.8 என்று கூகுளின் எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தான். அதை நான் விசாரிக்கவில்லை. "அவனுக்கு வருகிறது, உங்களுக்கு வரவில்லை என்றால் ரௌட்டரில்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து, சர்வரிலேயே 'டிக்' என்னும் கட்டளையை அடித்துப் பார்த்தேன். கேட்ட பெயருக்கெல்லாம் பளிச்சென்று விடை வந்தது. போதாதா? சர்வர் என் கைவேலை, அதில் குற்றமில்லை. ரௌட்டர் தம்பியின் கைவேலை. நால்வர் எதிரில், "தெரியாத வேலையில் ஏனடா கை வைத்தாய்?" என்று கேட்டேன். இன்னும் சில சொன்னேன். அவற்றை எழுத மனம் வரவில்லை.

தம்பி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "நீங்க சொல்லித்தானண்ணே மாட்டினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

இரவு ஒரு மணிக்கு என் மடிக்கணினியிலிருந்து அதே கட்டளையை அடித்தேன். விடையின் தலைப்பில் 'ரெஃப்யூஸ்டு' என்று இருந்தது. அடியில், வெளியே விசாரித்துச் சொல்லும் வசதி உனக்கு இல்லை என்ற எச்சரிக்கை வேறு. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனெனில் இந்தச் சர்வர் தரும் விடைகளுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு. பதிலே வராமல் நேரம் கடந்தால் வழி அடைபட்டிருக்கலாம். பெயரே இல்லை என்றால் அதற்கு எண் 3. விசாரிக்கப் போன இடத்தில் தோல்வி என்றால் எண் 2. ரெஃப்யூஸ்டு என்பது 5. அதன் பொருள்: "நீ கேட்டது என் காதில் விழுந்தது, உனக்குச் சொல்ல மாட்டேன்." பத்மநாபசுவாமி கோயில் வாசலில் கால்சட்டையோடு போய் நிற்பவரைக் காவலர் தடுக்கிறார். உள்ளே கோயில் இல்லை என்றா சொல்கிறார்? உடை சரியில்லை, போய்வா என்கிறார். என் கேள்வி வாசல்வரை போயிருக்கிறது. அப்படியானால் தம்பி மாட்டிய ரௌட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், எங்கள் தளத்தின் பெயரைக் கேட்டால் மடிக்கணினிக்கும் விடை வந்தது. ஊருக்கான வேலை நடக்கிறது, வீட்டுக்கான வேலை நடக்கவில்லை. இங்கேயே காரணம் புரிந்திருக்கவேண்டும். ஆனால் தூக்கமும் வீம்பும் சேர்ந்தால் மூளைக்கு இடமேது? அமைப்புக் கோப்பைத் திறந்தேன். யாருக்காக வெளியே விசாரிக்கலாம் என்ற பட்டியல் இருந்த இடத்தில் இருந்ததை அழித்துவிட்டு 'எனி' என்று எழுதினேன், அதாவது எவர்க்கும். மறுகணமே வீடு முழுவதும் தளங்கள் திறந்தன. நண்பர்கள் என் தோளைத் தட்டினார்கள். தம்பி மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் சர்வரின் விசிறி இரைந்தது. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் முன்பின் தெரியாத முகவரிகள், ஒரே பெயரை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தன. இதுவும் பழைய தந்திரம். கேட்பவன் தன் முகவரியை எழுதாமல், தான் கெடுக்க நினைப்பவனின் முகவரியை அனுப்புநர் என்று எழுதிவிடுகிறான். 60 பைட்டுக் கேள்விக்கு 1200 பைட்டு விடை. அந்த இருபது மடங்கும் பாவம் அறியாத ஒருவர் வாசலில் போய் விழுகிறது. 2013-இல் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பை நொடிக்கு 300 கிகாபிட் என்று சொல்லப்பட்ட வெள்ளத்தில் மூழ்கடிக்கப் பார்த்தவர்கள், என்னுடையதைப்போல் திறந்து கிடந்த சர்வர்களைக் கொண்டே அதைச் செய்தார்கள். இப்படித் திறந்து வைக்காதீர்கள் என்று 2008-லேயே இணையப் பொறியாளர்கள் ஆவணம் எழுதியிருக்கிறார்கள். பைண்டும் 2007 வாக்கில் வந்த 9.4 பதிப்பு முதல், நாமாக ஒன்றும் எழுதாவிட்டால் வீட்டாருக்கு மட்டுமே விசாரித்துச் சொல்லும். மறுப்பு என்பது கோளாறன்று, காவல். அந்தக் காவலைத்தான் நான் நள்ளிரவில் எழுந்து வேலையை விட்டு நீக்கியிருந்தேன்.

வெட்கத்தோடு கோப்பின் பழைய படியை எடுத்துப் பார்த்தேன். அழித்த வரி அதில் இருந்தது: 192.168.1.0/24. பழைய ரௌட்டர் வீட்டில் பங்கிட்ட எண்கள் 192.168.1 என்று தொடங்கும். புதியது 192.168.0 என்று தொடங்கிப் பங்கிடுகிறது. அவ்வளவுதான்! வீடு அதே வீடு, ஆட்கள் அதே ஆட்கள்; காவலன் கையில் பழைய அடையாளம். சர்வரிலிருந்தே கேட்டால் விடை வந்ததேன்? அது தன்னைத்தானே கேட்டுக்கொண்டது; அதற்குப் பழைய பட்டியலில் தனியே இசைவு எழுதியிருந்தேன். தம்பியோ புது ரௌட்டரில் சர்வருக்கென நிலையான எண்ணை ஒதுக்கி, வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்கு வழியைத் திறந்து, எல்லாக் கணினிகளுக்கும் இதுவே உங்கள் சர்வர் என்று அறிவித்து, ஒன்றுவிடாமல் செய்திருந்தான். அந்தப் பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக 'லோக்கல்நெட்ஸ்' என்று எழுதியிருந்தால், எந்த வலையில் இருந்தாலும் அதுவே தெரிந்துகொண்டிருக்கும். என் திறமையைக் காட்ட எண்ணைக் கையால் எழுதியது நான். சர்வரின் குறிப்பேடும் முதல் நாளிலிருந்தே 'டினைட்' என்று, எந்த முகவரிக்கு மறுத்தேன் என்பதையும் சேர்த்து, வரிவரியாக எழுதி வைத்திருந்தது. ஒரு நிமிடம் அதைப் படித்திருந்தால் ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

'எனி'யை நீக்கி, லோக்கல்நெட்ஸ், லோக்கல்ஹோஸ்ட் என்று இரண்டை மட்டும் எழுதினேன். எங்கள் தளத்துக்கான அனுமதியை ஊருக்கே விட்டுவைத்தேன். கோப்பைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டிவிட்டுச் சர்வரைப் புதுப்பித்தேன். இம்முறை மடிக்கணினியிலிருந்து ஒருமுறை, கைப்பேசித் தரவின் வழியே வெளியாளாக ஒருமுறை என்று இரண்டு இடங்களிலிருந்தும் கேட்டுப் பார்த்தேன். உள்ளே விடை, வெளியே மறுப்பு. பிறகு மொட்டைமாடிக்குப் போனேன்.

தம்பி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று இருந்த நால்வரையும் மேலே அழைத்து, அவர்கள் எதிரிலும் சொன்னேன். அவன் உடனே சிரித்துவிடவில்லை. ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "அன்னைக்கே குறிப்பேட்ட பாக்கணும்னு நெனச்சேன். என்கிட்ட அந்தக் கடவுச்சொல் இல்லையேண்ணே" என்றான். அதுவும் உண்மைதான். கடவுச்சொல்லை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அன்றே கொடுத்தேன். இப்போது சர்வரை அவன்தான் கவனித்துக்கொள்கிறான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினால் மறுபடியும் தளம் வரவில்லை. டிக் அடித்தால் ரெஃப்யூஸ்டு. சோதனைக்காக எங்கள் சர்வரின் வெளி முகவரியை என் கணினியில் எழுதியதை மறந்துபோயிருந்தேன். பதறிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். "சர்வர் மறுக்கிறதடா, என்ன செய்தாய்?" என்று பாதி கேட்டுவிட்டேன்.

"எங்க இருந்து கேக்கிய?" என்றான் தம்பி.

"நாகர்கோவிலிலிருந்து."

"அப்ப சரியாத்தாண்ணே சொல்லுது" என்று சொல்லிவிட்டு, வரும்போது மட்டிப்பழம் வாங்கி வரச் சொன்னான்.