கடல் கடந்து திரும்பிய சிற்றுண்டி

ஓர் ஊருக்குப் புதிதாக வருகிற பிரயாணி, அவ்வூரின் கோயிலையும் கடற்கரையையும் பார்த்ததோடு திருப்தி அடையாமல், அங்குள்ளவர்கள் அந்தி நேரத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வீதியோரம் நின்று எதை உண்கிறார்களோ அதையும் ஒரு முறை உண்டு பார்க்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். எண்ணூரில் வசிக்கும் என்னிடம், வடசென்னையில் எதை உண்ணலாம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போது, மீன், இறால், நண்டு என்று நான் அடுக்குவேன் என்றே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். காசிமேட்டு மீனின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் என் வாயில் முதலில் வருகிற பெயர் அத்தோ.

எண்ணூரில் ரயிலேறினால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து கடற்கரை நிலையத்தில் இறங்கலாம். எதிரே பர்மா பஜார். அதன் பின்புறத்து இரண்டாவது கடற்கரைச் சாலையில், பொழுது சாயும் வேளையில், வரிசையாகத் தள்ளுவண்டிகள் நிற்கும். வேகவைத்து எண்ணெய் பூசிய செம்மஞ்சள் நிற நூடுல்ஸ் குவியலாக இருக்கும். கடைக்காரர் அதில் ஒரு கைப்பிடி அள்ளிக் கிண்ணத்தில் இட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயமும், பூண்டு பொரித்த எண்ணெயும், புளிக்கரைசலும், மிளகாய்த்தூளும், உப்பும் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டு, எலுமிச்சையும் பிழிந்து, கையாலேயே பிசைந்து தருவார். கலக்கும் நேரத்தில் அடுப்பின் உதவியின்றி, கைப்பக்குவத்தினாலேயே ருசி பெறுகிற பதார்த்தம் அது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்றே பொருள். அதுதான் நம்மவர் நாவில் அத்தோ ஆயிற்று. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறக்க வைத்திருப்பார்கள். அதற்குத் தனியாக விலை கேட்பது அநேகமாக வழக்கமில்லை.

முட்டை பேஜோ என்று இன்னொன்று உண்டு. அவித்த முட்டையைக் கீறி, அதனுள் பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளிநீரும் மிளகாய்த்தூளும் விட்டுக் கொடுப்பார்கள். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதியாகக் கடித்தால் பாதி ருசி தரையில் சிந்திவிடும்.

இவையெல்லாம் ரங்கூனிலிருந்து நம் கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை அறிந்துகொண்டு உண்பது நன்று. 1937 வரையில் பர்மா, இந்தியாவை ஆண்ட அதே ஆங்கில நிர்வாகத்தின் ஒரு மாகாணமாகவே இருந்தது. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் ஐராவதி டெல்டாவின் நெல்வயல்களுக்கு மூலதனம் கொண்டுபோக, நம் பக்கத்து ஏழைகள் அந்த வயல்களிலும் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைப்பதற்குக் கப்பலேறினார்கள். 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்களே. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகரத்தின்மீது குண்டு வீசியபின், லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து கால்நடையாகவே இந்தியாவை நோக்கி நடந்தார்கள். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா அவ்வாறு நடந்து வந்தவர்களில் ஒருவர். அந்த அனுபவத்தை அவர் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். யுத்தம் முடிந்த பின் பலர் மறுபடியும் அங்கே போய்க் குடியேறினார்கள். ஆனால் 1962-ல் நே வின்னின் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. கடைகளும் வியாபாரங்களும் தேசியமயமாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்தவற்றை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்காக வியாசர்பாடியிலும் எங்கள் எண்ணூர் வட்டாரத்திலும் குடியிருப்புகள் எழுந்தன. பிழைப்புக்காக 1969-ல் பர்மா பஜார் ஏற்பட்டது. நகையையும் பணத்தையும் துறைமுகத்தில் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களிடம், எந்த அதிகாரியாலும் பறிமுதல் செய்ய முடியாத ஆஸ்தி ஒன்று எஞ்சியிருந்தது. அதுதான் அவர்களுடைய கைப்பக்குவம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஓர் ஆயாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கப்பலில் வந்து இறங்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வீட்டில் மொய்ங்கா மணக்கும். பர்மியர் காலை ஆகாரமாக உண்ணும் மீன் ரசம் அது. மெல்லிய அரிசிச் சேவையின்மேல் ஊற்றி உண்பது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் நான் உண்ட கடைகளில் மொய்ங்கா என்றால் மீனில்லாத வாழைத்தண்டு ரசம்தான். ஆயாவோ எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்த கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி, மசித்து, இஞ்சிப்புல்லும் வாழைத்தண்டும் சேர்த்து, கடலைமாவு கரைத்துவிட்டு, மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பார். "ஐராவதி கெளுத்திக்கும் நம்ம ஆத்துக் கெளுத்திக்கும் ருசியில வித்தியாசம் இருக்கு, தம்பி. ஆனா வாழைத்தண்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்," என்று ஒரு நாள் சொன்னார். அவர் ஊரை நினைத்து அழுது நான் பார்த்ததில்லை. ரசம் கொதிக்கும்போது மூடியைத் திறந்து அந்த ஆவியைச் சிறிது நேரம் முகத்தில் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்பார். அதை மட்டும் பல முறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கெளுத்தியும் பிற்காலத்தில் அவருக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோக, ஆற்று இறாலையும் நண்டையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பட்ட கஷ்டம் இவ்வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. ஆயா காசிமேட்டிலிருந்து மீன் வருவித்துத் தம் ரசத்தைச் செய்தார். ஒரு தேசத்தை இழந்து வந்தவர், வந்து சேர்ந்த இடத்தின் ஆற்றையும் தம் ஆயுளிலேயே இழக்க நேர்ந்தது பெருங்கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

அத்தோவை அந்நிய நாட்டுச் சிற்றுண்டி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. பேஜோ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'பே' என்றால் பர்மிய மொழியில் பயறு, பருப்பு. அடுத்து வருவதற்குப் பொரித்தது என்று பொருள். அதற்கு அங்கே பெரிதும் உபயோகமாவது கடலைப்பருப்பு. கொண்டைக்கடலைக்குப் பர்மியர் இட்டிருக்கும் பெயரோ 'கலா பே'. கலா என்பது இந்தியரைக் குறிக்க அவர்கள் வழங்கிய சொல். பின்னாளில் அதில் இழிவுக்குறிப்பு ஏறியது உண்மையே. ஆனாலும் அந்தப் பயறு நம்முடையது என்பதை அந்தப் பெயர் இன்றும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து போன பயறு, அங்கே வேறொரு சமையலில் கலந்து, வேறொரு பெயர் பூண்டு, கப்பலேறித் திரும்பி வந்து நம் வீதியில் நிற்கிறது.

உலகத்தின் மறுகோடியில் இருக்கும் சிலி தேசத்திலும் இத்தகைய பதார்த்தம் ஒன்று உண்டு. அங்கே மழை பெய்கிற குளிர்நாட்களில் ஜனங்கள் விரும்பி உண்ணும் சோபாய்பியா என்பது, மஞ்சள்பூசணியை மாவோடு பிசைந்து வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்தது. அதன் பெயருக்கு வேர், அராபியர் ஸ்பெயினை ஆண்ட நாட்களில் அங்கே வழங்கிய பேச்சில், எண்ணெயில் தோய்ந்த ரொட்டியைக் குறித்த ஒரு சொல். ஸ்பானியர்கள் அதைச் சமுத்திரம் கடந்து கொண்டுபோனார்கள். பூசணி அந்த மண்ணினுடையது. சாந்தியாகோ வீதியில் தள்ளுவண்டிக்காரரிடம் அதை வாங்கி உண்கிறவர் எவரும் அதை அராபியப் பண்டமென்றோ ஸ்பானியப் பண்டமென்றோ சொல்லமாட்டார். நாமும் அத்தோவை வடசென்னைப் பண்டம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம்.

தேங்காய்ப்பாலில் செய்கிற கவ்ஸ்வே என்னும் நூடுல்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஓன்' என்றால் தேங்காய், 'நோ' என்றால் பால். ஓன்னோ கவ்ஸ்வே என்பது அதன் முழுப்பெயர். கடைகளில் அது அபூர்வம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ வேறு விசேஷத்துக்கோ உங்களுக்கு அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள்.

மற்றவர்கள் மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பர்மா பஜாரைக் கடந்து உள்ளே நடக்கலாம். கூட்டம் அதிகமாக உள்ள வண்டியாகப் பார்த்து நில்லுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சூப்பை ஆறவிடாமல் குடியுங்கள். பிசைந்து தருபவர் வயதில் பெரியவராக இருந்தால், எந்த வருஷம் கப்பலேறினீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கை வேலையை நிறுத்தாமலே பதில் சொல்வார்.