லுணுகலை வழிப் பயணமும் செய்மதித் தொலைபேசியும்



பேராதனையில் தொடங்கும் ஏ 5 நெடுஞ்சாலை நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா ஊர்களைக் கடந்து செங்கலடியில் போய் முடிகிறது. மலைநாட்டையும் மட்டக்களப்பையும் இணைக்கும் பாதை இது. இரு பக்கத்திலும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மௌத்து வீட்டுக்கும் இவ்வழியேதான் போய் வருகின்றன. பசறையைத் தாண்டியதும் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாகப் பாதை வளைந்து வளைந்து செல்லும். தேயிலை மலைகளுக்கு இடையே லயங்கள் தெரியும். மடுல்சீமை, ஹொப்டன் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பெரிய பாதையை விட்டு இன்னும் உள்ளே செல்ல வேண்டும். லுணுகலை கழிந்து பிபிலைக்கு இறங்கினால் குளிர் விட்டு வெயில் தொடங்கிவிடும்.

சாதாரண நாளில் லுணுகலையைத் தூரத்து ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஸ் ஓடுகிறது, கடைத்தெரு இருக்கிறது, கைத்தொலைபேசியும் வேலை செய்கிறது. ஆனால் ஓர் இரவு மழையில் அதே ஊர் எட்டாத ஊராகிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் வண்டி பசறை 13ஆம் கட்டைக்கு அருகில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையகத்தில் பல இடங்களில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர அறுந்தன. வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியாமல் தவித்தார்கள்.

மூன்றும் ஏன் ஒன்றாகப் போகின்றன? கைத்தொலைபேசிக் கோபுரம் மின்சாரத்தில் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் அதன் பற்றரி சில மணி நேரமே தாங்கும். எண்ணெய் ஊற்றி இயந்திரத்தை ஓட்டவும் பாதை திறந்திருக்க வேண்டும். பாதையோரமாகப் போகும் கேபிளும் மண்ணோடு சேர்ந்து சரிந்துவிடும். ஆகவே, கையில் எத்தனை விலையுயர்ந்த கைத்தொலைபேசி இருந்தாலும் அந்நேரத்தில் பயனில்லை.

இந்த இடத்தில்தான் செய்மதித் தொலைபேசி உதவுகிறது. அது கோபுரத்தை நாடாமல் நேரே வானத்திலுள்ள செய்மதியோடு பேசும். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் ஆதர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையையே தம் வீடாக்கி 2008இல் கொழும்பில் காலமானவரும் அவரே.

இன்று வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. இன்மார்சாட், துரையா ஆகியவற்றின் செய்மதிகள் அந்த 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பவை. துரையா ஐக்கிய அரபு இராச்சியத்தைச் சேர்ந்தது. அரபியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு உரிய பெயர் அது. மூன்றாவது இரிடியம். சுமார் 780 கிலோமீற்றர் உயரத்தில் 66 செய்மதிகள் பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், உலகில் எந்த மூலையிலும் இது எடுபடும்.

மலைநாட்டுக்கு எதைத் தேர்வது? கடைக்காரரைக் கேட்பதற்கு முன் உங்கள் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பாருங்கள். கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே. துரையாவின் செய்மதி மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே, அதாவது கிப்லாவை முன்னோக்கி நிற்பவருக்கு இடப்பக்கமாக, அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கும். அந்தப் பக்கம் திறந்திருந்தால் நல்லது. குத்துப்பாறையோ அடர்ந்த மரமோ மறைத்தால் எத்தனை நேரம் காத்தாலும் தொடர்பு கிடைக்காது, இடம் மாறத்தான் வேண்டும். இரிடியத்தில் செய்மதிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், பள்ளத்தாக்கில் நின்றாலும் சில நிமிடம் பொறுத்தால் ஒன்று தலைக்கு மேலே வரும். பேசும்போது இடையில் அறுந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். வளைவும் பள்ளமும் நிறைந்த பசறை–லுணுகலைப் பாதைக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். எதுவானாலும் கூரைக்குக் கீழே நின்று பேச முடியாது. வாகனத்தை விட்டு இறங்கி வெளியே வர வேண்டும்.

இரண்டாவது, பற்றரி. இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 160 மணி நேரம் திறந்து வைத்திருக்கலாம், 8 மணி நேரம் பேசலாம். இரிடியம் 9575 சுமார் 30 மணி நேரமே தாங்கும், பேசுவதற்கு 4 மணி நேரம். ஆகவே இரிடியம் வாங்குகிறவர் அதை அணைத்து வைத்து, குறித்த நேரத்துக்கு மட்டும் திறக்கப் பழக வேண்டும். சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் சிறு தகடும் வேண்டும்.

மூன்றாவது, சேவை இன்றும் இருக்கிறதா என்பது. 2024 ஏப்ரலில் துரையா 3 செய்மதி பழுதடைந்து ஆசிய பசிபிக் பகுதியில் அதன் சேவை நின்றுபோனது. 2025 ஜனவரியில் துரையா 4 ஏவப்பட்டது. பழைய விளம்பரத்தை நம்பாமல், இன்றைய சேவைப் படத்தில் பதுளை மாவட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். முற்பணம் கட்டிய நிமிடங்களுக்குக் காலவரையறை உண்டு என்பதையும் கேட்டறியுங்கள். தேதி கடந்தால் பணமும் போகும், இலக்கமும் போகலாம்.

நான்காவது, சட்டம். நம் நாட்டில் இதை வைத்திருக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், முதலில் அனுமதியைப் பெறச் சொல்லுங்கள். நாகூருக்கோ வேறு ஊருக்கோ இந்தியா செல்பவர்கள் இதைக் கையில் எடுக்கவே வேண்டாம். 2008 மும்பைத் தாக்குதலில் இத்தகைய தொலைபேசிகள் பாவிக்கப்பட்ட பின் அங்கே கெடுபிடி அதிகம். அனுமதியின்றி துரையா, இரிடியம் கொண்டுசென்ற பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். அது வீட்டுக்கும் பாடசாலைக்கும் நல்லது. ஆனால் தட்டும் மின்சாரமும் வேண்டும், மழையில் பாதையோரம் நிற்பவர் சட்டைப்பையில் வைக்க இயலாது.

விலையோ இலட்சத்தைத் தாண்டும். நாட்கூலியில் வாழும் தோட்டத்துக் குடும்பத்துக்கோ, சிறு கடை வைத்திருக்கும் வீட்டுக்கோ இது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டிய பொருளும் அல்ல. பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில், விகாரை நிர்வாகத்தினரும், தோட்ட வைத்தியசாலையும் சேர்ந்து ஒரு மலைக்கு ஒன்று வாங்கினால் போதும். மண்சரிவு ஜாதி மதம் பார்த்து வருவதில்லை. வாங்கியதைப் பூட்டிய அலுமாரியில் வைத்துச் சாவியை ஒருவரே வைத்திருந்தால் அது இல்லாததற்குச் சமம். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்து, மீண்டும் சார்ஜ் செய்து வைக்க வேண்டும். பாவிக்கத் தெரிந்தவர்களில் இரண்டு பெண்களாவது இருக்கட்டும். ஆண்கள் கடைக்கும் வேலைக்கும் போன பகல் வேளையில் மலை சரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

வீட்டில் இருக்கும் சகோதரிகள் செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. இரிடியத்திலிருந்து அழைப்பு வந்தால் இலக்கம் பெரும்பாலும் 8816 என்று தொடங்கும். துரையா 88216, இன்மார்சாட் 870. தெரியாத இலக்கம், மோசடி அழைப்பு என்று அறுத்துவிடாதீர்கள். சில வகைகளில் குரல் போய்ச் சேர ஏறக்குறைய கால் செக்கன் பிந்தும். ஆகவே ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பேசுங்கள். அழுகையும் ஸலாமும் பின்னர் ஆகட்டும். முதலில் எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேர், யாருக்குக் காயம், அடுத்து எத்தனை மணிக்கு அழைப்பார்கள் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவியுங்கள்.

இந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, குசினிச் சுவரில் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் இன்றே ஒட்டி வையுங்கள். ஒக்டோபர் மழை தொடங்குமுன் உங்கள் மஹல்லாவில் இதைப் பற்றிப் பேசுங்கள்.