அப்பாவின் ஆம்னியும் மூணு கேன் கணக்கும்!

புராஜெக்ட்டை ரெடிமேடாக வாங்கி, ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றும் கூட்டமா நீங்கள்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வீட்டு வாசலில் பழைய வேன் ஏதாவது நிற்கிறதா? வாங்க, பேசலாம்!

எங்கள் வீட்டில் நிற்பது மாருதி ஆம்னி. 1984-ல் ரோட்டுக்கு வந்து, 2019-ல் உற்பத்தி நின்றுபோன, பிரெட் பாக்கெட் மாதிரி இருக்குமே, அதேதான்! 796 சிசி, மூன்று சிலிண்டர். இதில்தான் அப்பா வேளச்சேரி தெருக்களில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறார். என் செமஸ்டர் ஃபீஸ் வருவதும் இந்த வண்டியிலிருந்துதான். இதை ஹைபிரிட் ஆக்க முடியுமா என்பதுதான் என் புராஜெக்ட்.

பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். வண்டி, டிரைவர், 15 கேன் சேர்த்து சுமார் 1,200 கிலோ. 40 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 74 கிலோ ஜூல். பிரேக் போட்டதும் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போச்சு! பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், திரும்ப அதே வேகத்துக்குப் போக சுமார் 11 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒரு நாளைக்கு 100 தடவை நின்று கிளம்பினால்? ஒரு லிட்டருக்கும் மேலே!

ஹைபிரிட் மோட்டார் கை வைப்பது இங்கேதான். பிரேக் நேரத்தில் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யும். கிளம்பும்போது இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும். பாதி திரும்பக் கிடைத்தாலே தினமும் அரை லிட்டர் மிச்சம்.

சூப்பர்ல? அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். 'இதெல்லாம் எவ்ளோ வெயிட் இருக்கும்?'

'மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர்... ஒரு 60 கிலோ வரும்ப்பா.'

'அப்போ மூணு கேன் போச்சு. மூணு டிரிப்புக்கு ஒன்பது கேன். அந்த ஒன்பது வீட்டுக்கு யாரு தண்ணி போடுறது?'

எந்தப் புத்தகத்திலும் இல்லாத டிசைன் கண்டிஷன் பாஸ் இது! சரி, பேட்டரியைச் சின்னதாக்கலாமா? ஒரு தடவை நிற்கும்போது கிடைக்கிற 74 கிலோ ஜூல் என்பது, கரன்ட் பில் கணக்கில் வெறும் 0.02 யூனிட். அரை யூனிட் பேட்டரியே தாராளம். சிக்கல் வேறு. அந்த ஆற்றல் ஐந்தே விநாடியில் வந்து கொட்டும். அதாவது கிட்டத்தட்ட 15 கிலோவாட்! அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் பேட்டரிதான் வேண்டும். பெரிய பேட்டரி அல்ல. இப்போது என் டார்கெட், மொத்த கிட்டும் ஒரே ஒரு கேன் எடைக்குள்.

உடனே ஸ்பேனரை எடுத்துடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். அதனால் என் மோட்டார் இப்போதைக்கு லேப் டேபிளைத் தாண்டாது. அப்பாவின் வண்டி வழக்கம்போல ஓடும்.

இதே 60 கிலோ கிட், பிரெட்டும் பன்னும் ஏற்றுகிற பேக்கரி வேனுக்குப் பிரச்னையே இல்லை. அங்கே இடம்தான் நிறையும், எடை ஏறாது. அதனால கேட்லாக்கைப் புரட்டும் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்க. எத்தனை தடவை நிற்கிறார், எவ்வளவு ஏற்றுகிறார் என்று எண்ணுங்க. உங்க டிசைனில் பாதி அந்த நோட்டிலேயே முடிஞ்சிருக்கும்!