டவுன் ஹாலைப் பார்த்தீங்களா பாஸ்?

சென்ட்ரல்ல இறங்கினதும் பஸ்ஸைத் தேடி ஓடுறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்! ரிப்பன் பில்டிங் பக்கத்துல செக்கச்செவேல்னு நிக்குதே, அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 'மெட்ராஸுக்கு ஒரு டவுன் ஹால் வேணும்'னு ஊர்க்காரங்க நன்கொடை போட்டுக் கட்டினது. 1883-ல் அடிக்கல். டிசைன் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. இந்தோ-சாரசெனிக் கட்டடம்தான், ஆனா கோபுரத்து உச்சியில திருவாங்கூர் பாணிக் கூரை!

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்ட மேடை இது. 1897-ல் விவேகானந்தர் பேசினார். மெட்ராஸ்காரங்க ஆரம்பத்துல சினிமா பார்த்ததும் இங்கேதான். 1916-ல் நீதிக்கட்சிக்கு விதை போட்ட கூட்டமும் இதே ஹால்லதான்.

கூடிப் பேச ஒரு இடம் வேணும்னு ஊரே காசு போட்டிருக்கு. நமக்கோ கூடிப் பேச ஃபுட் கோர்ட்தான்! அடுத்த தடவை ட்ரெயின் லேட்டா? ரோட்டைத் தாண்டிப் போய் அண்ணாந்து பாருங்க.